விளையாடிக்கொண்டே உயிரியல் ஆராய்ச்சி: கேள்வி பதில்

கும்பகோணத்தில் உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறேன். புரதம் மடிக்கும் விளையாட்டான ஃபோல்டிட்டில் வெகுகாலமாகக் கிடக்கிறவன். முதலிலேயே ஒன்று: இப்படி ஆராய்ச்சிக்கு உதவும் விளையாட்டுகள் எதிலும் காசு வராது. காசு தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டுங்கள் என்று எவனாவது கேட்டால் அது ஆராய்ச்சி இல்லை, ஏமாற்று.

மன்னார்குடி, பி.எஸ்சி. மாணவி: ஆடுகிறவர்களுக்கு உயிரியலே தெரியாதே, என்ன பயன் சார்?

தெரிய வேண்டியதில்லை அம்மா, சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. ஃபோல்டிட் 2008-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. திரையில் ஒரு புரதச் சங்கிலி கோணல்மாணலாகக் கிடக்கும். தண்ணீருக்கு ஆகாத பகுதிகள் ஆரஞ்சு, ஆகிற பகுதிகள் நீலம். ஆரஞ்சை உள்ளே தள்ளி மறைக்க வேண்டும். இரண்டு பகுதிகள் இடித்துக்கொண்டால் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு முள் உருண்டை முளைக்கும். விலக்கிவிட்டால் மதிப்பெண் ஏறும். அந்த மதிப்பெண் சும்மா போட்டதல்ல. புரதத்தின் ஆற்றல் குறையக் குறைய அது கூடும். ஆக, ஆடுகிறவருக்குப் பாடம் தெரியாவிட்டாலும் மதிப்பெண்ணுக்குத் தெரியும்.

குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி, பத்தாண்டுக்கு மேல் வடிவம் பிடிபடாமல் இருந்தது. ஃபோல்டிட்காரர்கள் மூன்றே வாரத்தில் கொடுத்த மாதிரியை வைத்து விஞ்ஞானிகள் எக்ஸ்ரே தரவை அவிழ்த்தார்கள். 2011-ல் கட்டுரையாக வந்தது. மதிப்பெண் இப்போது சரிந்தாலும் பரவாயில்லை என்று முழுதையும் பிரித்துப்போட்டு மறுபடி கட்டும் துணிச்சல் மனிதனுக்கு உண்டு.

பாபநாசம்: போனில் ஆடலாமா?

ஃபோல்டிட்டுக்குக் கணினி வேண்டும். ஆர்என்ஏ மூலக்கூறை வடிவமைக்கும் எட்டர்னா என்ற இன்னொரு விளையாட்டு பிரௌசரிலேயே ஓடும்.

வலங்கைமான்: மாதம் எவ்வளவு கிடைக்கும்?

முதல் பத்தி.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: நெல் குலைநோய்க்கு இப்படி ஒன்று செய்ய முடியாதா?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன் ஐயா. 2013-ல் பிரிட்டனில் ஆஷ் மரங்களை ஒரு பூஞ்சை அழித்துக்கொண்டிருந்தபோது, நார்விச்சின் செயின்ஸ்பரி ஆய்வகம் ஃபேஸ்புக்கில் ஃபிராக்சினஸ் என்ற விளையாட்டை விட்டது. வண்ண இலைகளை வரிசையாகப் பொருத்த வேண்டும்; ஒவ்வொரு இலையும் உண்மையில் ஒரு டிஎன்ஏ எழுத்து. ஆரம்பத்தில் நல்ல கூட்டம், அப்புறம் மளமளவென்று குறைந்துபோனது.

நமக்கு இலைப் படம் போதும். குலைநோய்ப் புள்ளி கண் வடிவில், இருமுனையும் கூராக, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. பழுப்புப் புள்ளி நோயில் எள் போல முட்டை வடிவம். பழகினால் பள்ளிப் பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். ஆனால் ஒரே படத்தைப் பலரிடம் காட்டி ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்; இடையிடையே விடை தெரிந்த படங்களைச் சொருகி ஆடுகிறவரையும் சோதிக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் பொழுதுபோக்குதான். இப்போதே உங்கள் சம்பாவில் புள்ளி இருந்தால் விளையாட்டுக்குக் காத்திருக்காதீர்கள், இலையைப் பறித்துக்கொண்டு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள்.

நன்னிலம்: வருமானம் உண்டா சார்?

இல்லை. இல்லவே இல்லை.

தஞ்சாவூர், மென்பொருள் பணி: புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஃபோல்ட் 2, 2020-லேயே வந்துவிட்டது. இனி மனிதன் எதற்கு?

வடிவத்தைக் கணிப்பதில் வேலை பெரும்பாலும் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். புதுப் புரதத்தை வடிவமைப்பது வேறு வேலை. 2019-ல் வந்த கட்டுரையில், ஃபோல்டிட்காரர்கள் வடிவமைத்த 146 புரதங்களைச் சோதித்ததில் 56 நிலையாக நின்றன.

அதே தஞ்சாவூர்: வடிவமைப்பையும் செயற்கை நுண்ணறிவு செய்கிறதே!

செய்கிறது. அதுவும் ஃபோல்டிட் பிறக்கக் காரணமான டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடத்திலேயே. 2024 வேதியியல் நோபலில் பாதி அவருக்கு, மீதி ஆல்ஃபாஃபோல்ட் செய்த ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும். ஆல்ஃபாஃபோல்ட் படித்ததே மனிதர்கள் ஆய்வகத்தில் கண்டுபிடித்து வைத்த வடிவங்களைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை (குறுக்கே): அப்படியானால் இது இலவச உழைப்பு. பார்டர்லாண்ட்ஸ் 3 என்ற வீடியோ விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவனிடமே வேலை வாங்கினார்களே?

கேட்க வேண்டியதுதான். அதற்குள் இருந்த சிறு விளையாட்டில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடல் நுண்ணுயிர்களின் மரபணு வரிசைகளைச் சீர்படுத்தினார்கள். கூலி என்று பார்த்தால் விளையாட்டுக்குள் செலவாகும் பரிசுகள்தான். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, எதற்கு என்பதையும் மறைக்கவில்லை. 2010-ல் நேச்சர் இதழில் வந்த ஃபோல்டிட் கட்டுரையில் 57,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கூட்டாக ஆசிரியராகவே சேர்த்தார்கள்.

மயிலாடுதுறை: பெயர் சோறு போடுமா?

போடாது. என் பெயரில் வந்த கட்டுரைகளும் எனக்குப் போடவில்லை. முடிவை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுகிறார்களா என்று பாருங்கள். பூட்டி வைத்தால் உங்கள் பக்கம் நானும் நிற்பேன்.

தஞ்சாவூர்: பேச்சை மாற்றுகிறீர்கள்.

மாற்றியது மயிலாடுதுறைக்காரர். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், நான் மற்றவர்களைப் பார்க்கிறேன்.

குத்தாலம்: போனில் வருமா?

பாபநாசத்துக்குச் சொன்ன பதில்.

வேதாரண்யம், ஆசிரியை: ஏழாம் வகுப்புக்கு எதில் தொடங்கலாம்?

எட்டர்னாவின் அறிமுகப் புதிர்களில் தொடங்குங்கள் டீச்சர். ஆங்கிலம் தடுக்கும், முதல் நாள் நீங்களே திரையில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் வீட்டில் ஆடினால் ஓடிபி எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.