ஜப்பானிய மொழி படிக்க ஆங்கிலம் எதற்கு?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறு வகுப்புக்குப் போகிறேன், பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. சொற்கள் நிறையத் தெரிகிறது, ஆனால் ஒரு வாக்கியம் சொல்ல வாயெடுத்தால் திணறுகிறேன். என்ன செய்யலாம்?
(வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: முதல் வேலையாக நடுவில் நிற்கும் ஆங்கிலத்தை விலக்குங்கள். தமிழில் நினைத்து, அதை ஆங்கிலத்தின் வரிசைக்குப் புரட்டி, அங்கிருந்து மறுபடியும் ஜப்பானிய வரிசைக்குப் புரட்டினால் யாருக்குத்தான் திணறாது? 'வதாஷி வா தொஷோகான் தெ ஹோன் ஓ யோமிமாஸ்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் நூலகத்தில் புத்தகத்தை வாசிக்கிறேன், அவ்வளவுதான். வினை கடைசியில் வருகிறது, 'தெ' நம் 'இல்' போல, 'ஓ' நம் 'ஐ' போல பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. 'வதாஷி மோ' என்றால் நானும். 'கினோ கத்தா ஹோன்' என்றால் நேற்று வாங்கிய புத்தகம். பள்ளியில் படித்த பெயரெச்சம் அப்படியே இங்கே உட்கார்ந்திருக்கிறது. 'தாபேதே மிரு' என்பதை ஆங்கிலப் புத்தகம் தனிப் பாடமாக வைத்து விளக்கும், நமக்கோ அது 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்' என்று ஒரே நொடியில் விளங்கிவிடும், ஏனென்றால் 'மிரு' என்றாலே பார்ப்பதுதான்.

அதனால் ஒவ்வொரு பாடத்தையும் முடித்ததும் அதன் உதாரண வாக்கியங்களை நீங்களே தமிழில் எழுதி வையுங்கள். மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு, தமிழ் வாக்கியத்தை மட்டும் பார்த்து ஜப்பானியத்தில் உரக்கச் சொல்லுங்கள். சொல்ல வராத இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்க வேண்டாம், கொஞ்சம் தவியுங்கள், அந்தத் தவிப்பில்தான் சொல் உள்ளே இறங்குகிறது. படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் நினைவிலிருந்து எடுக்கும் பழக்கம் வராது. கற்றது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்று ஜெர்மனியில் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்து எழுதிவிட்டார். இடைவெளி விட்டு விட்டுப் படித்தால் நன்றாக நிற்கும் என்பதும் அதில் உண்டு. ஆன்கி என்ற இலவச மென்பொருள் இந்த இடைவெளியைக் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்கும். அதில் தனிச்சொற்களைப் போடாமல் முழு வாக்கியங்களாகப் போடுங்கள்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. 'வா', 'கா' என்று எழுவாயோடு வரும் இரண்டுக்கும் நம்மிடம் நேரான உருபு கிடையாது. அங்கே விதியை மனப்பாடம் செய்வதைவிட நிறைய வாக்கியங்களைக் கேட்டுப் பழகுவதே வழி.

கேள்வி: ஹிராகானா எழுத்து மனதில் நிற்க மாட்டேன் என்கிறது. உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கலாமா?
(கல்லூரி மாணவி, கோவை)

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பத்திரிகையில் எனக்கு வேறு வழியில்லாமல் எழுதுகிறேன், உங்கள் நோட்டில் அது வரக்கூடாது. சாவிக்கு ஜப்பானியத்தில் ஒரு சொல், சீமைப் பனிச்சைப் பழத்துக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே 'காகி'! ஆனால் சாவியில் வருவது 'அங்கே' என்பதில் வரும் ககர ஒலி, பழத்தில் வருவது 'அக்கா'வில் வரும் வல்லொலி. நம் எழுத்து இந்த வேற்றுமையைக் காட்டாது, அப்புறம் காதும் அதைக் கவனிக்காமலே பழகிவிடும். ஹிராகானாவில் அடிப்படை எழுத்துகள் 46 தான், தினம் ஐந்தாறு எழுதினாலும் பத்து நாளில் முடிந்துவிடும்.

குறில் நெடிலில் மட்டும் நமக்குக் கவலையில்லை. 'ஒபசான்' அத்தை, 'ஒபாசான்' பாட்டி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் தடுமாறும் இந்த இடத்தைத் தமிழர் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும். சீனத்திலிருந்து வந்த 'காஞ்சி' எழுத்துகள் பெரிய மலைதான், ஜப்பான் அரசு பொதுப் பயன்பாட்டுக்கென்று வைத்திருக்கும் பட்டியலிலேயே 2,136 எழுத்துகள். அதையும் தனித்தனியாக வரைந்து பழகாமல், வரும் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: இவ்வளவு ஒற்றுமை என்றால் ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்ததா?
(வாசகர், மதுரை)

பதில்: ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ இரண்டுக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் எழுதினார், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ் தம்பதியும் அந்த ஆய்வில் சேர்ந்து உழைத்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட உண்டு. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்கிறவருக்கு இந்த அமைப்பு பெரிய வரம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் என்-4 நிலை தேறிவிட்டேன். ஆனால் ஜப்பானிய மேலாளர் பேசினால் தலையாட்டுவதோடு சரி. எங்கே கோளாறு?
(வாசகி, ஓசூர்)

பதில்: உங்களிடம் கோளாறு இல்லை. அந்தத் தேர்வில் பேச்சுக்குப் பகுதியே கிடையாது. சொல்லும் இலக்கணமும் படிப்பதும் கேட்பதும் மட்டும், விடையும் கொடுத்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பேச்சைத் தனியாகத்தான் பழக வேண்டும். ஒரு நிமிட உரையாடல் ஒன்றை எடுத்து முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டே கேளுங்கள், அதன்பின் பேசுகிறவரை ஒட்டியே அரை நொடி பின்னால் அதே ஏற்ற இறக்கத்தில் சொல்லுங்கள். புதிது புதிதாக ஓடாமல் அந்த ஒரே உரையாடலை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் 'ஹோரென்சோ' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்: அறிக்கை சொல்வது, தகவல் தருவது, கலந்து பேசுவது. அது உங்களுக்கு நல்ல வாசல். மாலையில் அன்றைய வேலையை மூன்றே வரியில் ஜப்பானியத்தில் எழுதி, மேலாளரிடம் கொண்டுபோய் வாயால் சொல்லிவிட்டு, பிழையைத் திருத்தித் தரக் கேளுங்கள். திருத்திய வரிகளை மறுநாள் காலை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.