தலைமைக்கு ஒரு பட்டப்படிப்பா?

கேள்வி (ஏற்காட்டிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி): வணக்கம் டீச்சர். நான் எங்கள் பள்ளியில் எஸ்.பி.எல். அப்பா காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. அமெரிக்காவில் ‘லீடர்ஷிப்’பையே பி.ஏ.வில் பாடமாக எடுத்துப் படிக்கலாமாம். அப்பாவிடம் சொன்னால், “ஆளுங்களை வேலை வாங்கறதைக் காலேஜுலயா சொல்லித் தருவாங்க?” என்கிறார். நிஜமாகவே அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா? படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: இருக்கிறது கண்ணு. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்துக்கு, அங்கே படித்த ராபர்ட் ஜெப்சன் 1987-ல் 2 கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1992-ல் அவர் பெயரிலேயே ஒரு பள்ளி, அதாவது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு கல்லூரி மாதிரி, தொடங்கியது. இளங்கலை மாணவர்களுக்கென்றே தலைமையைப் பட்டப்படிப்பாக்கிய முதல் பள்ளி அதுதான்.

அங்கே என்ன நடத்துகிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லு. ஆளை வேலை வாங்கும் வித்தை அல்ல. வரலாறு, தத்துவம், இலக்கியம் வழியாகத் தலைமையைப் பார்க்க ஒரு தாள். உளவியல், அரசியல், பொருளாதாரம் வழியாகப் பார்க்க இன்னொன்று. அறநெறி உண்டு. நீதியைப் பற்றிய ஒரு தாளில், வகுப்போடு முடியாமல் வெளியே சேவை அமைப்புகளுக்கும் போய் வேலை செய்ய வேண்டும். இன்டர்ன்ஷிப்பும் உண்டு.

எனக்கு இதன் மேல் மதிப்பு வரக் காரணம், முன்னால் நிற்பவரை விடப் பின்னால் போகிறவர்களைப் பற்றி அது அதிகம் கேட்கிறது. ஏன் போகிறார்கள், எப்போது நின்றுவிடுகிறார்கள்? ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ் என்ற அறிஞர் 1978-ல் தலைமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஓட்டுப் போடு, ரோடு போட்டுத் தருகிறேன் என்பது ஒன்று. தலைவரும் மக்களும் ஒருவரை ஒருவர் மேலே தூக்கிவிடுவது மற்றொன்று.

சேலத்தில் நான் அரசியல் பாடம் நடத்திய காலத்தில் நம் ஊர்க் கதைகளையே எடுத்துக்கொள்வேன். ராஜாஜியைப் பாரு. 1917-ல் இங்கே நகராட்சித் தலைவர். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவிதான்), அக்டோபர் 1 முதல் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நல்ல மனிதர், நல்லது செய்தார் என்று பிள்ளைகள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நான் விட மாட்டேன். மாகாணம் முழுக்க ஏன் ஒரே நாளில் செய்யவில்லை? மரமேறிகள் மறுநாள் பிழைப்புக்கு என்ன செய்தார்கள்? குடிகாரப் புருஷனோடு அல்லாடிய பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கள்ளுக்கடை வருமானம் நின்றால் கஜானாவுக்கு வழி? 1939-ல் விற்பனை வரி ஏன் வந்தது என்பது அந்த இடத்தில்தான் அவர்களுக்குப் பிடிபடும். அதற்குப் பிறகு ராஜாஜியைத் திட்டுகிறவர்களும் சரி, புகழ்கிறவர்களும் சரி, யோசித்துப் பேசுவார்கள்.

இன்னொன்று 1944 ஆகஸ்ட். நீதிக்கட்சி திராவிடர் கழகமானது சேலம் மாநாட்டில். வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று அண்ணாவின் பெயரால் தீர்மானம் வந்தது. ராவ் பகதூர்களும் ஜமீன்தார்களும் இருந்த கட்சி அது. பி.டி.ராஜன் தரப்பு ஒப்பாமல் நீதிக்கட்சியாகவே தனியே நின்றது. ஒரு தலைவர் சொன்னதும் பாதிப் பேர் ஏன் போகிறார்கள், மீதிப் பேர் ஏன் மறுக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, வேலைக்கு வருவோம். யு.பி.எஸ்.சி.க்கு எந்தப் பட்டமும் போதும். 2013 முதல் அதன் மெயின் தேர்வில் அறநெறிக்கென்று 250 மதிப்பெண் தாள் இருக்கிறது. பெரிய தலைவர்கள், சீர்திருத்தவாதிகளின் வாழ்விலிருந்து கற்பதும் அதன் பாடத்திட்டத்தில் வருகிறது. ஆனால் பி.எட். முடித்து டீச்சராவது உன் மனசில் இருந்தால் இந்தப் பட்டம் வேண்டாம், பள்ளியில் அப்படி ஒரு பாடமே கிடையாது. வெளிநாட்டுப் பட்டமென்றால் இங்கே அரசு வேலைக்கு இணைச் சான்று வாங்க வேண்டும். அங்கே நான்கு வருஷம், செலவும் மலையளவு. உதவித்தொகை கையில் உறுதியாகாமல் எஸ்டேட் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கவே கூடாது.

உன் நிலையில் நான் இருந்தால் பக்கத்திலேயே பார்ப்பேன். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம், பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், இரண்டிலும் பல துறைகளைச் சேர்த்துப் படிக்கலாம். குடும்ப வருமானம் பார்த்து உதவி உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதே, விண்ணப்பம் முன்பே தொடங்கிவிடும். அதுவும் சரிப்படாவிட்டால் சேலம் செர்ரி ரோடு அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. குறைச்சலாக நினைக்காதே. மேலே நான் சொன்ன கேள்விகளை அங்கே உட்கார்ந்தும் கேட்கலாம், கட்டணமும் அப்பா கைக்கு எட்டும்.

அப்புறம், அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாரு. பழம் பறிக்கும் சீசனில் யார் சொன்னால் ஆட்கள் மழையிலும் வருகிறார்கள், யார் சொன்னால் வருவதில்லை? அவர் சொல்வதை நோட்டில் எழுதி வை. கல்லூரி நேர்காணலில் உன்னிடம் பேச அதுவே இருக்கும்.

கேள்வி (அம்மாபேட்டையிலிருந்து ஒரு தந்தை): பி.பி.ஏ.விலும்தான் லீடர்ஷிப் சொல்லித் தருகிறார்கள். இதில் என்ன புதுசு?

பதில்: ஐயா, பி.பி.ஏ. நல்ல படிப்பு. தறிப்பட்டறையோ கடையோ நடத்தப் போகிற பையனுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அங்கே லீடர்ஷிப் என்பது நிர்வாகத்தின் ஒரு பகுதி, இலக்கை எட்டுவது எப்படி என்று படிக்கிறார்கள். கலைப் படிப்பில் அந்த இலக்கே சரியா, அதை யார் முடிவு செய்தது என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். பையனுக்கு எதில் மனசு போகிறது என்று அவனையே கேளுங்கள்.

கேள்வி (ஆத்தூரிலிருந்து ஒரு மாணவர்): நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம். நான் இதைப் படிக்கலாமா?

பதில்: தாராளமாகப் படி தம்பி. இதில் பெரும்பகுதி வாசிப்பதும் எழுதுவதும்தான். கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கிறவர்கள் கூட்டம் எங்கே சலித்துப்போகிறது என்பதை நன்றாகவே எழுதுவார்கள். பேச்சு இரண்டாம் வருஷத்தில் தானாக வரும்.