வெங்காயத் தோலில் பச்சை எங்கே?
வாசகர் கேள்வி – பதில்

கே: தாவர செல்லில் பசுங்கணிகம் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பு) இருக்கும் என்று படித்தோம். ஆனால் வெங்காயத் தோலில் அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பச்சையாக எதுவுமே இல்லை. கறுப்பு விளிம்போடு பெரிய வட்டங்கள் தெரிகின்றன. அவைதான் உட்கருவா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி

ப: அவை காற்றுக் குமிழ்கள். விளிம்பு தடித்த கறுப்பாகவும் நடுப்பகுதி வெறுமையாகவும் இருந்தால் குமிழ்தான் என்று முடிவு செய்துவிடலாம். உட்கரு அயோடினில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் ஏறி, செல்லின் ஓரத்தில் சிறு உருண்டையாகத் தெரியும். முதிர்ந்த செல்லின் நடுவே பெரிய வாக்குவோல் நீரோடு நிறைந்திருப்பதால் சைட்டோபிளாசமும் உட்கருவும் சுவர் பக்கம் ஒதுங்கிவிடுகின்றன. மேலிருந்து பார்க்கும்போது சில செல்களில் உட்கரு நடுவில் இருப்பதுபோலவும் தோன்றும், குழம்ப வேண்டாம்.

குமிழ் வரக் காரணம், கவர் ஸ்லிப்பை நேராக மேலிருந்து போடுவது. வெங்காயச் செதிலின் உட்குழிவான பக்கத்திலிருந்து தோலை உரியுங்கள். அது ஒரே ஒரு செல் தடிமன்தான். உரித்ததும் ஸ்லைடில் உள்ள நீர்த்துளியில் மடிப்பு விழாமல் விரித்து, அயோடின் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை நீரில் தொடவைத்து, சுமார் 45 டிகிரி சாய்வில் ஊசியால் தாங்கி மெல்ல இறக்குங்கள். 10x ஆப்ஜெக்டிவில் தெளிவாகப் பிடித்த பிறகே 40x-க்குப் போகவும்.

பச்சை இல்லாதது உங்கள் தவறு அல்ல. வெங்காயம் மண்ணுக்குள் உணவைச் சேமிக்கும் இலைகளின் தொகுப்பு. ஒளி படாத இடத்தில் ஒளிச்சேர்க்கை நடக்காது, பசுங்கணிகமும் உருவாகாது. சேமிப்பும் பெரும்பாலும் சர்க்கரை வகைகளாகவே இருப்பதால், அயோடின் பட்டும் ஸ்டார்ச்சுக்குரிய கருநீலம் வருவதில்லை. பச்சை இலையின் தோலை உரித்தாலும் பொதுவாக இலைத்துளைக் காப்பு செல்களில் மட்டுமே பசுங்கணிகம் தெரியும்.

பசுங்கணிகத்தைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்றால் ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தின் இலை ஒன்றை முழுசாக நீரில் வைத்துப் பாருங்கள். இரண்டே செல் அடுக்கு என்பதால் ஒளி எளிதில் ஊடுருவும். சாயம் எதுவும் வேண்டாம். அயோடின் விட்டால் செல் செத்துவிடும். உயிரோடு இருக்கும் செல்லை விளக்கொளியில் சில நிமிடம் விட்டுவைத்தால், பசுங்கணிகங்கள் சைட்டோபிளாச ஓட்டத்தோடு சுவரை ஒட்டி நகர்வது தெரியும். பள்ளி ஆய்வகத்தில் பார்க்கக் கிடைப்பவற்றில் இதைவிட அருமையான காட்சி இல்லை என்பது எங்கள் எண்ணம்.

கே: பசுங்கணிகமே சக்தியைத் தயாரிக்கும்போது தாவரத்துக்கு மைட்டோகாண்ட்ரியா எதற்கு?

ப: பசுங்கணிகம் ஒளியில் உண்டாக்கும் ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) பெரும்பாலும் அங்கேயே, சர்க்கரை தயாரிப்பில் செலவாகிவிடுகிறது. செல்லின் மற்ற வேலைகளுக்கு அந்தச் சர்க்கரையை உடைத்து ஏடிபி எடுத்துத் தருவது முக்கியமாக மைட்டோகாண்ட்ரியாதான். வேர் செல்லுக்குப் பசுங்கணிகம் கிடையாது. இரவில் இலைக்கும் ஒளி கிடையாது. ஆகவே வேறுபாட்டு அட்டவணையில் தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று எதிரெதிரே எழுதாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா இரண்டு பக்கமும் வரவேண்டும்.

எத்தனை இருக்கும் என்பது செல்லின் வேலையைப் பொறுத்தது. ஓயாமல் துடிக்கும் இதயத் தசைச் செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடம் மைட்டோகாண்ட்ரியாவுக்கே. நம் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் ஒன்றுகூட இல்லை. அதனால் அது சுமந்துசெல்லும் ஆக்சிஜனைத் தானே செலவழிப்பதில்லை.

கே: ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்கிறது ஒரு நூல், 30 முதல் 32 என்கிறது இன்னொன்று. எது சரி?

ப: இன்றைய கணக்கு 30–32. ஒரு குளுக்கோஸிலிருந்து 10 என்ஏடிஹெச், 2 எஃப்ஏடிஹெச்2 (இரண்டும் ஏடிபி தயாரிக்க எலக்ட்ரான்களைச் சுமந்துவரும் மூலக்கூறுகள்), நேரடியாக 4 ஏடிபி கிடைக்கின்றன. முன்பு ஒரு என்ஏடிஹெச்சுக்கு 3, எஃப்ஏடிஹெச்2-க்கு 2 என்று வைத்து 30 + 4 + 4 = 38 என்றார்கள். அளந்து பார்த்த மதிப்புகள் ஏறத்தாழ 2.5, 1.5; எனவே 25 + 3 + 4 = 32. கிளைக்காலிசிஸில், அதாவது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே குளுக்கோஸ் உடையும் முதல் கட்டத்தில், உண்டாகும் 2 என்ஏடிஹெச் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்ட முடியாது; அவற்றின் எலக்ட்ரான்கள் மட்டும் வேறு மூலக்கூறுகள் வழியே உள்ளே போகின்றன. அந்த வழி எஃப்ஏடிஹெச்2-வில் முடிந்தால் இரண்டு குறைந்து 30 ஆகும். தேர்வில் உங்கள் பாடநூல் தரும் எண்ணை எழுதி, கணக்கு வந்த விதத்தையும் காட்டிவிடுங்கள்.

கே: உப்புக் கரைசலில் வைத்த ரியோ என்ற அலங்காரச் செடியின் இலைச் செல்லில், சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் இடையே இருப்பது காற்றா, நீரா?

ப: இரண்டும் இல்லை, வெளியே இருக்கும் அதே உப்புக் கரைசல். செல்சுவர் நீரையும் உப்பையும் தடையின்றி விடும். தேர்ந்தெடுத்து விடுவது அதற்கு உள்ளே இருக்கும் பிளாஸ்மா சவ்வுதான். ரியோ இலையின் அடிப்பக்கத் தோலில் வாக்குவோல் ஊதா நிறமாக இருப்பதால் சுருக்கம் நன்றாகத் தெரியும். 5 சதவீத உப்புக் கரைசல் போதும், சில நிமிடங்களில் ஊதாப் பகுதி சுவரை விட்டு விலகும். பிறகு கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் நீர் விட்டு, மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சினால் மீண்டும் விரியும். விரியவில்லை என்றால் கரைசல் மிகச் செறிவாக இருந்திருக்கும், அல்லது அதிக நேரம் ஊறி சவ்வு சேதமாகியிருக்கும். புதிய தோலை உரித்துத் தொடங்குங்கள்.