கட்டைக் குரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். ஆறு வருஷமாகத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு பாடுகிறேன். என்னுடையது கட்டைக் குரல். ஜானகியம்மா, சித்ராம்மா பாட்டுகளை ஒரிஜினல் ஸ்கேலில் எடுத்தால் சரணத்தில் தொண்டை கிழிகிறது. கூட்டத்திலிருந்து "ஆம்பளக் குரல்" என்று சத்தம் வரும். போன வாரம் டிவியில் உஷா உதுப் பாடியதைக் கேட்டேன். என்னைப் போலவே கனத்த குரல். அவரைப் பற்றி எழுதுங்கள். காலம் பூரா அடுத்தவர் பாட்டையே பாடுகிறவளைக் கலைஞர் என்று சொல்லலாமா, அதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்களைப் பார்த்துக் கூட்டத்தில் கத்தியதை உஷாவும் சின்ன வயதிலேயே கேட்டவர்தான். பம்பாய் பைகுல்லாவில் பள்ளியில் படிக்கும்போது, இந்தக் குரல் ஒத்துவராது என்று பாட்டு வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் பிள்ளைக்குள் இசை இருக்கிறது என்பதை ஆசிரியர் கண்டுகொண்டார். ட்ரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பி வாத்தியத்தைக் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார். உஷாவின் தமிழ் வீட்டில் ரேடியோ ஓயாது. கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானிப் பாடகர் படே குலாம் அலி கான், மேல்நாட்டு இசை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவருக்குப் பிடித்தது இலங்கை வானொலி.

இதைப் படித்த அன்று அவர் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில், ஓட்டை போட்ட தோல் உறைக்குள் ஒரு ரேடியோ இருந்தது. அதில் திருச்சியைவிடக் கொழும்பு தெளிவாக எடுக்கும். மத்திய அலை உப்புத்தண்ணீர் மேல் அதிகம் தேயாமல் வரும் என்பது பிற்பாடு தெரிந்தது. ஒரு நாள் அப்பா கிழிந்த வலையைக் காலில் மாட்டித் தைத்துக்கொண்டிருந்தபோது ஆங்கிலப் பாட்டு ஒன்று வந்தது. தாழ்ந்த பெண் குரல். ஊசியை நிறுத்திவிட்டு, "யாருடா இவ, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பாடுறா?" என்றார். ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. யார் பாடினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஜாஸ் என்கிற அமெரிக்க இசை என்றால் எனக்கு அந்த வாக்கியம்தான்.

உஷா மேடைக்கு வந்தது சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில், இருபதைத் தாண்டிய வயதில். கவுன் போட்டவர்கள் பாடும் இடத்தில் இவர் பட்டுச்சேலை கட்டி நின்றார். 1969இல் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் பாட்டு மேடை உள்ள ட்ரிங்காஸ் உணவகத்துக்குப் போனவர் அந்த நகரத்துக்காரராகவே ஆகிவிட்டார்.

அங்கே என்ன பாடினார்? நீங்கள் செய்வதைத்தான்: அடுத்தவர் பாட்டு. அவர் மேடையில் விடாமல் பாடும் 'ஃபீவர்' என்ற பாட்டைப் பாருங்கள். 1956இல் அமெரிக்கப் பாடகர் லிட்டில் வில்லி ஜான் அதை முழு பேண்டோடு பாடினார். இரண்டு வருஷம் கழித்துப் பாடகி பெகி லீ அதை எடுத்து, தாழ்ந்த சுருதி தரும் பேஸ் வாத்தியம், கொஞ்சம் டிரம், விரல் சொடுக்கு தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிப்போட்டார். புது வரிகள் சேர்த்தார். பாட்டு போகப்போகச் சுருதியை அரை அரைக் கட்டையாக ஏற்றினார். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தச் சொடுக்கைத்தான். அதே பாட்டை உஷா எடுத்தபோது அது மறுபடியும் வேறாயிற்று, கனத்தது. ஜாஸில் இதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை, இரவல் என்றுகூடச் சொல்வதில்லை. பாட்டு ஒரு வாடகை வீடு. குடியிருப்பவர் எப்படி வாழ்கிறார் என்பதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் கலைஞர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னும் ஆங்கிலத்தில் 'ஜம்பலாயா', கென்யாவில் சுவாஹிலி மொழியில் 'மலைக்கா', இந்தியில் ஆர்.டி.பர்மன், பப்பி லாஹிரி இசையில் பாட்டுகள். தமிழில் 1975இல் 'மேல்நாட்டு மருமகள்' படத்துக்குக் குன்னக்குடி வைத்தியநாதன் பாட வைத்தார். 1990இல் 'அஞ்சலி'யில் இளையராஜா தந்த 'வேகம் வேகம்' உங்களுக்கே தெரியும். அந்தக் குரலுக்கு ஏற்ற பாட்டை அமைத்தாரே ஒழிய, குரலை இழுத்துப் பாட்டுக்குள் திணிக்கவில்லை. 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண்.

உங்கள் தொண்டை கிழிவதற்குக் காரணம் குரல் இல்லை, ஸ்கேல். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதல்லவா, ஒரு அழுத்துக்கு அரைக் கட்டை இறங்கும். மைனஸ் மூன்று, நான்கு வைத்துப் பாடிப் பாருங்கள். லீட் கிதார்காரர் முகம் சுளிப்பார், ஒத்திகையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டூயட்டில் இதைச் செய்தால் ஆண் குரல் பாதாளத்துக்குப் போய்விடும், அதனால் தனிப்பாட்டில் தொடங்குங்கள். மைக்கை உதட்டோரம் வைத்து, கத்தாமல், எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாடுங்கள். சரணத்தில் மூச்சு மிச்சமிருப்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்த கச்சேரி எந்தத் தேதி என்று எழுதுங்கள். பாம்பனிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்