கூண்டு வைத்தால் சிறுத்தைத் தொல்லை தீருமா?

கேள்வி: எங்கள் ஊர் மலையடிவாரத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. சில வாரங்களாகத் தெருநாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. போன வாரம் பக்கத்து வீட்டு ஆட்டைச் சிறுத்தை இழுத்துச் சென்றுவிட்டது. கண்காணிப்புக் கேமராவிலும் பதிவாகியிருக்கிறது. கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவான காட்டில் விடும்படி ஊரார் மனு எழுதுகிறார்கள். நானும் ஆடு வளர்க்கிறேன். வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். மனுவில் கையெழுத்துப் போடலாமா? அதுவரை எப்படிப் பாதுகாத்துக்கொள்வது?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னால் உங்களை முறைப்பார்கள் என்று தெரியும். ஆனாலும், ஆட்டை மட்டும் தூக்கிய சிறுத்தையைப் பிடித்து வேறிடத்தில் விடுவது உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆபத்தைக் குறைக்காது, கூட்டவும் கூடும்.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில் இதை நடத்தியே பார்த்துவிட்டார்கள். உங்கள் ஊரைப் போலவே கரும்பு மண்டிய பகுதி அது. 2001-ஐ ஒட்டி, ஊர்ப்புறச் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்துச் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் மனிதர்கள் மீதான தாக்குதல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 4. இடமாற்றம் தொடங்கிய பின் 17. சிறுத்தைகளை இறக்கிவிட்ட இடங்களைச் சுற்றித் தாக்குதல்கள் பெருகின. வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட கணக்கு இது. அதே ஆண்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளும், சிறுத்தையைக் கண்டதும் பிடித்து இடம் மாற்றும் வழக்கத்தைத் தவிர்க்கவே சொல்கின்றன.

ஏன் இப்படி ஆகிறது? வளர்ந்த சிறுத்தை தன் எல்லைக்குள் எந்த ஓடையில் பதுங்கலாம், எந்தப் பாதையில் எந்நேரம் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதை அறிந்து, நம் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போகப் பழகியது. கூண்டுக் கம்பியைக் கடித்துக் கோரைப்பல் உடைந்து, மிரண்டுபோன நிலையில் அறியாத காட்டில் இறக்கிவிட்டால் அந்தப் பழக்கம் அதற்கு உதவாது. அங்கே ஏற்கெனவே வாழும் சிறுத்தைகளும் அதை விரட்டும். பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டால் வழியெல்லாம் ஊர்கள். 2009-இல், போகுமிடத்தைக் காட்டும் கருவி பொருத்திய கழுத்துப்பட்டை மாட்டி மால்சேஜ் கணவாயருகே விடப்பட்ட 'ஆஜோபா' என்ற ஆண் சிறுத்தை, நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து 120 கிலோமீட்டருக்கு மேல் நடந்து மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை எட்டியது.

உங்கள் ஊரில் காலியாகும் இடமும் காலியாகவே இருக்காது. தனக்கென எல்லை தேடி அலையும் இன்னொன்று வந்து சேரும். தவிர, கூண்டில் சிக்குவது ஆட்டைத் தூக்கிய அதே சிறுத்தைதான் என்று எப்படிச் சொல்வது? அந்த வழியே போன ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம்.

அது காட்டிலிருந்து வழிதவறி வந்ததாக நினைக்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டம் அகோலே பகுதியில் தானியங்கிக் கேமராக்கள் வைத்துப் பார்த்தபோது, காடே இல்லாத வயல்வெளியில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 வளர்ந்த சிறுத்தைகள் இருந்தன. அவற்றின் உணவில் நாய்க்குத்தான் பெரிய பங்கு. குப்பைமேடு நாயைக் கூட்டுகிறது, நாய் சிறுத்தையைக் கூட்டுகிறது. ஆகவே ஊரார் மனு கொடுக்கத்தான் வேண்டுமென்றால் குப்பையையும் இறைச்சிக் கழிவையும் அன்றன்றே அகற்றும்படி கேட்கட்டும். பட்டி கட்ட உதவி, வீடுதோறும் கழிப்பறை ஆகியவற்றையும் அதில் சேர்க்கலாம். அப்படிப்பட்ட மனுவில் தாராளமாகக் கையெழுத்திடுங்கள்.

உங்கள் முதல் வேலை ஆட்டுப்பட்டி. நான்கு பக்கமும் மூடி மேலே திறந்துவிட்ட பட்டியால் பயனில்லை, சிறுத்தை ஏறிக் குதித்துவிடும். கூரையையும் சேர்த்துக் கனமான கம்பிவலை அடியுங்கள். கதவுக்குக் கயிறு போதாது, தாழ்ப்பாள் வேண்டும். கதவின் அடியிலும் கூரைச் சந்திலும் அதன் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி விடாதீர்கள். உள்ளே புகுந்துவிட்டால் ஓட வழியில்லாத ஆடுகள் மிரண்டு முட்டிமோதும். ஒன்றோடு நிற்காமல் அது பலவற்றைக் கடித்துப் போடுவது அப்படித்தான். இரவில் கன்றையும் உள்ளே கட்டுங்கள். காவலுக்கென்று வாசலில் சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த இரையாகிவிடும், அதையும் வீட்டுக்குள் விடுங்கள். விளக்குப் போடுவது நல்லதுதான், உங்களுக்குப் பாதை தெரியும். ஆனால் விளக்குக்குப் பயந்து சிறுத்தை வராது என்று நம்பாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை கண்டிப்பாக இருங்கள். இருட்டில் தனியே அனுப்பாதீர்கள்; பெரியவர் துணையுடன், டார்ச் அடித்து, சத்தமாகப் பேசிக்கொண்டு போகட்டும். குனிந்தோ உட்கார்ந்தோ இருக்கும் மனிதர் சிறுத்தையின் கண்ணுக்குச் சிறிய விலங்காகத் தெரியக்கூடும். இருட்டில் வெளியே மலம் கழிக்கப் போவதும், முற்றத்தில் குழந்தை தனியே உட்கார்ந்து விளையாடுவதும் அதனால்தான் ஆபத்து. வீட்டைச் சுற்றியுள்ள புதரை வெட்டிவிடுங்கள். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சிறுத்தைக்குப் போக வழிவிட்டு, முகம் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள். நெருங்கி வந்தால் கையை உயர்த்திக் கத்துங்கள்.

எனக்குச் சிறுத்தையைவிட அதிகக் கவலை தருவது கூட்டம். பகலில் ஒரு வீட்டுக்குள் அது புகுந்துவிட்டால், கதவை வெளியிலிருந்து தாழிட்டு வனத்துறைக்குச் சொல்லிவிட்டு எல்லோரும் விலகுவதுதான் சரி. நடப்பதோ வேறு. கைப்பேசியோடு கூரைமேல் ஒரு கூட்டம், கம்போடு வாசலில் இன்னொரு கூட்டம். தப்ப வழியில்லாத விலங்கு எதிரில் நிற்பவர் மீது பாய்ந்துதான் வெளியேறும். மயக்க ஊசி போட்ட உடனே அது விழுந்துவிடாது, சில நிமிடங்கள் ஆகும். காயம்படுபவர்கள் பலரும் அந்த இடைவெளியில் முன்னால் ஓடியவர்கள். பட்டாசு வெடித்துத் தோட்டம் தோட்டமாக விரட்டுவதும் இதே ரகம்.

கூண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மனிதரைத் திட்டமிட்டு மீண்டும் மீண்டும் தாக்கும் சிறுத்தையைப் பிடித்தே ஆக வேண்டும், பிடித்தபின் வெளியில் விடவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த முடிவை எடுப்பவர் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர். ஆடு போனது அந்த வகையில் சேராது.

கரும்பு வெட்டும்போது குட்டிகள் கண்ணில் பட்டால் தூக்கிக்கொண்டு வராதீர்கள். தாய் அருகில்தான் இருக்கும். அந்தப் பக்கம் வெட்டுவதை நிறுத்தி வனத்துறைக்குச் சொல்லுங்கள். குட்டிகளைக் கிடைத்த இடத்திலேயே மாலையில் வைத்துவிட்டு ஆட்கள் விலகினால், தாய் வந்து கவ்விச் செல்வதை ஜுன்னர் பகுதியில் பலமுறை பதிவுசெய்திருக்கிறார்கள். குட்டியைப் பறிகொடுத்த தாய் அங்கேயே சுற்றித் திரிவது உங்களுக்குத்தான் ஆபத்து.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல்லுங்கள். இனி ஆட்டின் உடல் கிடைத்தால் புதைக்கும் முன் படம் எடுத்து, வனத்துறையினர் பார்க்கும்வரை அப்படியே விட்டுவைத்து, கால்நடை மருத்துவரின் சான்றோடு இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். ஆத்திரத்தில் அந்த உடலில் விஷம் வைத்தால் அவர்மீது வழக்கு வரும். ஊர் நாய்களும் சாகும்.