டோர் டெலிவரி கேட்டோடு முடிந்துவிடும், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். டொரண்டோவில் இருபது வருஷம் இருந்துவிட்டு, மாமா மாமிக்குத் துணையாகச் சென்னைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. முகலிவாக்கத்தில் தனி வீடு. பின்பக்கத் தகரக் கொட்டகையில் தச்சுப்பட்டறை போடப்போகிறீர்கள். கோயம்புத்தூரில் 12 அங்குல இழைப்பு மெஷினுக்கு முன்பணம் கட்டியாயிற்று. "டோர் டெலிவரி என்கிறார்கள், 300 கிலோவை யார் உள்ளே கொண்டுபோய் வைப்பார்கள்? டொரண்டோவில் கிடக்கும் டேபிள் சாவையும் (மேசை ரம்பம்) கப்பலில் எடுப்பிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டோர் டெலிவரி என்றால் இங்கே லாரி உங்கள் கேட்டடிக்கு வரும், அவ்வளவுதான். டொரண்டோவில் பின்தட்டு தானாகத் தரைக்கு இறங்குகிற லாரிகள் உண்டு, டிரைவரே டிராலியில் தள்ளிக்கொண்டு வந்து கராஜ் வாசலில் வைத்துவிட்டுப் போவதும் உண்டு. இங்கே பார்சல் லாரியின் தட்டு உங்கள் நெஞ்சு உயரத்தில் இருக்கும். டிரைவர் இருப்பார், கூட ஒரு கிளீனர் இருந்தால் உண்டு. இறக்குவது அவர்கள் வேலை இல்லை. "ஆள் வச்சிருக்கீங்கள்ல சார்?" என்று கேட்பார்கள். சில பார்சல் சர்வீஸ்காரர்கள் தெருவுக்குள் வருவதே இல்லை, கோடவுனில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, பெட்டியோடு சேர்த்து எத்தனை கிலோ என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். பெரிய லாரிகளுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு உண்டு. அதனால் வண்டி இரவிலோ விடியற்காலையிலோ வந்து நிற்கக்கூடும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். 1990இல் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவன் நான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அப்பாவின் பட்டறையை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். வளசரவாக்கத்தில் வாடகைக்கு இருந்து எட்டு வருஷம் தச்சுவேலை செய்தேன். அந்த எட்டு வருஷமும் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்குகிற சாமான் தவிர வேறொன்றும் வாங்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது தூக்கிக்கொண்டு போக முடியாத எதையும் வாங்க மனம் வரவில்லை. 1998இல்தான் முதல் இழைப்பு மெஷினுக்குப் பணம் கட்டினேன். அன்று இரவு மனைவி என்னோடு கதைக்கவே இல்லை. அப்படியென்றால் இனி இங்கேதானா என்று அவள் கேட்காமலே எனக்கு விளங்கியது.

அந்த மெஷின் ஐப்பசி மழையில், இரவு ஏழு மணிக்கு வந்தது. நான் ஒன்றும் ஆயத்தம் செய்திருக்கவில்லை. டீக்கடை முனையிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்தேன். "அலவாங்கு ஒன்று கொண்டு வாங்கோ" என்று கத்தினேன். நாலு பேரும் முகத்தை முகம் பார்த்தார்கள். இங்கே அதற்குப் பெயர் கடப்பாரை என்று அந்தப் பதற்றத்தில் வாயில் வரவில்லை. அதற்குள் இரண்டு பேர் மெஷினின் மேசையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். மேல்பாரம் கூடிய சாமான் ஒரு பக்கமாகச் சரிந்தது. மேசையின் நுனி லாரித் தட்டில் இடித்தது, ஒருவருடைய நடுவிரல் இடையில் மாட்டியது. நகம் கழன்று ரத்தம். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டு, பத்து நாள் கூலியும் கொடுத்தேன். இருந்தாலும் அந்த விரலை நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது. மெஷினில் முன் மேசையும் பின் மேசையும் ஒரே மட்டத்தில் நிற்காமல் போயின. எந்தப் பலகையை விட்டாலும் நுனியில் பள்ளம் விழுந்தது. அதைச் சரிபண்ண மூன்று மாதம் ஆயிற்று.

அதனால் முதல் சொல்: மேசையிலோ, அதன் பக்கத்தில் பலகையைச் சாத்தி ஓட்டுவதற்கு நிற்கும் தகட்டிலோ (ஃபென்ஸ்) யாரையும் கை வைக்க விடாதீர்கள். அடிப்பெட்டிதான் பாரத்தைத் தாங்கும். கீழே மரப்பேலட்டில் போல்ட் போட்டு வந்தால், கொட்டகைத் தரையைத் தொடும்வரை அந்த போல்ட்டைக் கழற்றவே வேண்டாம். தூக்குவதற்குப் பெல்ட் போடுவதானாலும் அடிப்பெட்டியைச் சுற்றித்தான்.

அடுத்தது வழி. நீங்கள் கொட்டகையின் கதவை அளந்திருப்பீர்கள். சம்ப் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? சென்னையில் நிறையத் தனிவீடுகளில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில்தான் தண்ணீர்த் தொட்டி. மேல் கான்கிரீட் கார் பாரத்தைத் தாங்குகிறதே என்று நினைக்கலாம். காரின் பாரம் நாலு அகலமான டயரில் பரவுகிறது. டிராலியின் சின்னச் சக்கரங்கள் 300 கிலோவையும் உள்ளங்கை அளவு இடத்தில் கொண்டுவந்து வைக்கும். மூடி சிமென்டோ இரும்போ, அதன் மேல் ஏற்றவே கூடாது. பக்கவாட்டுச் சந்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அதற்கும் இதே கதை. வீட்டுக்காரரையோ பழைய பிளம்பரையோ கேட்டு, இரண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். சுற்றிப் போக முடியாவிட்டால் மூடியைத் தவிர்த்து, இரண்டங்குலப் பலகையை இரு பக்கமும் தொட்டியைத் தாண்டி நிற்கிற மாதிரி நீளமாகப் போட்டு அதன்மேல் நகர்த்துங்கள். பார்க்கிங் டைல்ஸ் இருந்தால் 18 எம்எம் பிளைவுட் விரியுங்கள், இல்லையென்றால் நொறுங்கிவிடும்.

ஹைட்ரா கிரேன் கூப்பிடலாமே என்பார்கள். தெரு அகலமாக இருந்தால் நல்லதுதான், பத்து நிமிஷ வேலை. ஆனால் தலைக்கு மேலே பாருங்கள்: கரண்ட் கம்பி, கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர். கிரேனின் கையை உயர்த்த இடம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குறுகின ஒழுங்கையில் நான் செய்வது இதுதான். பெரிய லாரியைத் தெருமுனையிலேயே நிறுத்தி, குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியைப் பின்னுக்குப் பின் ஒட்டி நிறுத்தி, பெட்டியை அதற்கு மாற்றுவேன். குட்டி யானையின் தட்டு தாழ்வு. அது ரிவர்ஸில் கேட்டுக்குள் வந்ததும் இரண்டு தடித்த பலகையைச் சாய்வாகப் போட்டு, பெட்டியில் கட்டிய கயிற்றை வண்டியின் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்க வேண்டும். கயிறு பிடிக்கிறவர் மேலேதான் நிற்க வேண்டும். சாய்வின் கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது, நீங்களும்தான். தரைக்கு வந்ததும் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் ஐந்தாறை அடியில் கொடுத்து உருட்டுங்கள். பின்னால் விடுபடுகிற பைப்பை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போகலாம். கடப்பாரையால் லேசாக நெம்பினால் போதும், ஒருவர் பலத்துக்கே நகரும்.

லோட்மேன்களை முதல் நாளே பேசிவையுங்கள். மேஸ்திரியை நேரில் கூட்டி வந்து வழியைக் காட்டி, எடையைக் குறைக்காமல் சொல்லி, கூலியை முடித்துவிடுங்கள். பாரத்தை மறைத்துக் கூலியைக் குறைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அது பாவம். வேலை நேரத்தில் ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும், அது மேஸ்திரியின் குரலாக இருக்கட்டும். நம்மூர்ச் சொற்களும் இங்கே உதவாது. வாள் இங்கே ரம்பம், சீவுளி இழைப்புளி. டொரண்டோவில் இதெல்லாம் ஆங்கிலத்தில் ஓடியிருக்கும், இங்கே ஒரே தமிழ்தானே என்று நினைத்து அவசரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

எல்.ஆர். காப்பியில், அதாவது லாரிக்காரரின் சரக்கு ரசீதில், கையெழுத்துப் போடுமுன் பெட்டியைச் சுற்றி வந்து படம் எடுங்கள். பலகை உடைந்திருந்தாலோ பெட்டி சாய்ந்திருந்தாலோ அதை அந்தக் காகிதத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. நான் அன்று மழையில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகு நஷ்டம் கேட்டபோது, "நல்லபடியா வாங்கிக்கிட்டேன்னு எழுதியிருக்கே சார்" என்று அந்தத் தாளையே நீட்டினார்கள்.

கரண்ட் விஷயம். ஈ.பி.யில் 4 கிலோவாட்டுக்கு மேல் போனால் மூன்று ஃபேஸ் எடுக்க வேண்டும். ஏசி, தண்ணீர் மோட்டார், இந்த மெஷின் எல்லாம் சேர்ந்தால் நீங்கள் அந்த அளவைத் தாண்டிவிடுவீர்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால், ஒரு ஃபேஸ் போனதும் தானே நிறுத்துகிற பிரிவென்டர் ஸ்டார்ட்டரில் கட்டாயம் இருக்கட்டும். இங்கே ஒரு ஃபேஸ் போவது மழைக்காலத்தில் சாதாரணம், பிரிவென்டர் இல்லாவிட்டால் மோட்டார் கருகிவிடும். முதல் தரம் ஓடவிடும்போது மரம் வைக்காமல் உருளை சுற்றுகிற திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றச் சொல்லுங்கள்.

டொரண்டோவில் கிடக்கும் டேபிள் சாவைப் பற்றி: அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடும் கூடுதலாக ஏறும். மோட்டாரை மாற்றாமல் அது பிரயோசனப்படாது. கப்பல் கூலி, கஸ்டம்ஸ், துறைமுகத்திலிருந்து எடுக்கிற செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் விற்றுவிட்டு இங்கே வாங்குவதே நல்லது. அப்பாவின் ரம்பம் என்றோ, கைராசி என்றோ மனம் விடவில்லையென்றால் எடுப்பியுங்கள், அதை நான் தடுக்க மாட்டேன். கட்டுகிற மரப்பெட்டியில் கோதுமைக்கதிர் முத்திரையும் 'எச்.டி.' என்ற எழுத்தும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சூடேற்றிப் பூச்சி போக்கிய மரம் என்பதற்கு அடையாளம் அது. இல்லாவிட்டால் இங்கே பெட்டி தடைப்படும்.

கொட்டகையில் மெஷின் நிற்கிற இடத்தைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்திக் கட்டுங்கள். 2015 டிசம்பரில் என் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். உயரத்தில் வைத்ததெல்லாம் பிழைத்தது. தரையில் இருந்த கிரைண்டர் மோட்டார் போய்விட்டது. மேசையில் பூசி வந்த கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்த அன்றைக்கே மெழுகு பூசிவிடுங்கள். இந்த ஊர் உப்புக்காற்றில் வார்ப்பிரும்பு ஒரே இரவில் செந்நிறம் காட்டும்.

என்னிடம் நாலடி நீளத்தில் ஆறு ஜி.ஐ. பைப்பும், இரண்டு வேங்கைப் பலகையும், பாரம் தூக்குகிற ஒரு செயின் பிளாக்கும் இருக்கின்றன. கோயம்புத்தூரில் லாரி கிளம்பியதும் சொல்லுங்கள். வளசரவாக்கத்திலிருந்து முகலிவாக்கம் தூரமில்லை, முதல் நாள் பின்னேரமே கொண்டுவந்து போட்டுவிடுகிறேன். சம்ப் மூடியையும் அப்போதே இரண்டு பேருமாகப் பார்த்துவிடலாம்.