தினம் ஒரு புகைப்படம் பகிர விரும்பும் ஓவியர்: விலங்கு, பயணம், தெருக்காட்சி எல்லாம் எடுக்க என்ன வேண்டும், எங்கே சொதப்பும்?

கேள்வி கேட்டவர் ஓவியர். நாய், மாடு, பறவை, போகிற ஊர், தெருவில் நடப்பது என்று தினம் ஒரு படம் பகிர நினைக்கிறார். அதே படங்கள் பிறகு வரையவும் உதவ வேண்டும் என்கிறார். கைபேசி போதுமா, தனிக் கேமரா வாங்க வேண்டுமா என்பது அவர் சந்தேகம்.

பறவையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கைபேசி போதும். கேமரா இல்லாததால் நின்றுபோன தினப்படத் தொடர் அபூர்வம். பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், மழை நாள் ஒன்றில், ராத்திரி ஒன்பது மணிக்குக் கையில் படம் இல்லாமல் போய்த்தான் நின்றுபோகிறது. அப்போது அவசரத்துக்குக் காபி டம்ளரை எடுத்துப் போடுவார்கள், மறுநாளும் டம்ளர், அதோடு சரி. அதனால் எடுக்கும் நாளையும் போடும் நாளையும் பிரித்துவிடுங்கள். 20 படமாவது கையிருப்பில் சேர்ந்த பிறகு தொடங்குங்கள். இருப்பு 10-க்குக் கீழே இறங்கினால் அந்த வாரம் ஒரு காலைப்பொழுது படமெடுக்க மட்டும் வெளியே போங்கள். பழைய படத்தைப் போடுகிறோமே என்ற கூச்சம் வேண்டாம். எடுத்த தேதியைக் கீழே எழுதிவிட்டால் யாரையும் ஏமாற்றியதாகாது. எடுத்த அன்றைக்கே தேர்வு செய்யாதீர்கள். அன்று ஆடியது, மங்கியது மட்டும் அழித்தால் போதும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பட்ட சிரமம் மறந்திருக்கும், படம் மட்டும் தெரியும்.

நம் ஊர் வெளிச்சத்தைப் பற்றி வெளிநாட்டுக் காணொளிகள் சொல்வது பாதிக்குமேல் பொருந்தாது. சென்னையில் வருஷம் முழுக்க சூரிய உதயம் ஏறக்குறைய 5.40-க்கும் 6.35-க்கும் இடையில்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் சரிந்து ஏறாமல் விறுவிறுவென்று மேலே போய்விடும். இதமான மஞ்சள் வெயில் உதயத்திலிருந்து ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் உச்சிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். முகத்தில் கண் இருக்கும் இடம் கறுப்புக் குழியாகிவிடும். அந்த நேரத்தில் திண்ணை, மரத்தடி, மார்க்கெட் தார்ப்பாய்க்கு அடியில் என்று நிழலுக்குள் போய்விடுங்கள். நீலத் தார்ப்பாய் என்றால் எல்லார் முகமும் நீலமாக விழும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தெருநாயிலிருந்து தொடங்குவது நல்லது. நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் பெரிய தலை, சின்ன கால், பின்னால் முழுக்கத் தரை. குத்தவைத்து நாயின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். நேராக அதை நோக்கி நடக்காமல் பக்கவாட்டில் போய் உட்கார்ந்து, முதல் இரண்டு நிமிஷம் கைபேசியை எடுக்காமலே இருங்கள். குட்டி போட்ட நாயிடம் போகவே வேண்டாம். ஷட்டர், அதாவது படம் பதிவாகும் நேரம், நடக்கிற நாய்க்கு 1/250 வினாடி, ஓடுகிற நாய்க்கு 1/1000. ஃபோகஸ் நமக்குக் கிட்டே இருக்கிற கண்ணில். கறுப்பு நாயின் முகத்தில் ஃபோகஸ் பிடிக்காமல் தேடிக்கொண்டே இருந்தால், கண்ணில் மின்னும் புள்ளியையோ காது ஓரத்தையோ தொட்டால் பிடித்துக்கொள்ளும்.

வரைவதற்கென்று எடுப்பவர் இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கைபேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 அல்லது 26 மி.மீ. அளவுள்ள அகலக் கோணம். அதை வைத்து அரை மீட்டரில் மாட்டு முகத்தை எடுத்தால் மூக்கு வீங்கி, காது பின்னால் ஓடி, கொம்பு சிறுத்துவிடும். பகிரும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும்; ஆனால் அதைப் பார்த்து வரைந்தால் எங்கேயோ தப்பு என்று தோன்றிக்கொண்டே இருக்கும், எங்கே என்று பிடிபடாது. இரண்டு மடங்கு ஜூமுக்குப் போய், இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். வடிவம் மாறுவது நிற்கும் தூரத்தால்தான், லென்ஸ் சும்மா வெட்டிக் காட்டுகிறது, அவ்வளவே. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை விலங்குகளுக்கு நிறுத்திவிடுங்கள், மீசையையும் காது முடியையும் பின்னணி என்று நினைத்து மழுப்பிவிடும். வெளிச்சத்தையும் நிழலையும் சமன்படுத்தும் எச்.டி.ஆர். வசதியும் நிழலை இழுத்து வெளுக்க வைப்பதால் உருவத்தின் திரட்சி போய்விடும். நிறுத்த முடிகிற கைபேசி என்றால் நிறுத்தி, ஒரே காட்சியை வெளிச்சப் பகுதிக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என இரண்டாக எடுத்து வைத்துக்கொண்டால் நிழலுக்குள் இருக்கும் நிறம் வரையும்போது கைகொடுக்கும்.

எருமை மேல் உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருக்கும் காட்சியை எல்லாரும் எடுப்பார்கள், பத்தில் எட்டு வீணாகும். எந்தக் கேமராவும் தான் பார்ப்பது நடுத்தரமான சாம்பல் என்று எண்ணித்தான் வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. படம் முழுக்கக் கறுத்த எருமை இருந்தால் ‘இருட்டு’ என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எருமை சிமெண்டு நிறத்துக்கு வந்துவிடும், கொக்கு சிறகு வரியே இல்லாத வெள்ளைக் காகிதத் துண்டாகிவிடும். கைபேசியில் கொக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் வெளிச்சத்தை ஈடுசெய்யும் அளவை மைனஸ் 1-க்கு வைத்து ஒன்று எடுத்துப் பாருங்கள். எருமை இருண்டுபோனால் பரவாயில்லை, ரா கோப்பு (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலப்பதிவு) என்றால் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன சிறகை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கொக்கு மட்டுமே படத்தை நிறைத்தால் கணக்கு தலைகீழ், வெள்ளை அழுக்காக விழும், கொஞ்சம் கூட்ட வேண்டும். காக்கை படத்தை நிறைத்தால் எருமை வழிதான். அதிகாலைக் கோலம் ஈரச் சாணித் தரையில் இருந்தாலும் அப்படியே: கோட்டைப் பார்த்து அளந்து, அரை ஸ்டாப்பாவது (மைனஸ் 0.5) குறைக்க வேண்டும்.

மழை நாளுக்கு வீட்டுக்குள்ளேயே பல்லி இருக்கிறது. டியூப்லைட் பக்கத்தில் பூச்சிக்குக் காத்திருக்கும். இங்கே வரும் தொல்லை, படத்தின் குறுக்கே விழும் கறுப்புப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த குழல்விளக்கும் மலிவான எல்.இ.டி.யும் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். ஷட்டரை 1/500 என்று வைத்தால் அந்த மங்கல் பட்டையாகப் பதிவாகும். 1/100 அல்லது 1/50-ல் வையுங்கள், பட்டை போய்விடும். வெளிச்சத்தை உணரும் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1600-லிருந்து 3200 வரை போகலாம். கையைச் சுவரில் அண்டக் கொடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் இரவு வசதி உயிருள்ள எதற்கும் ஆகாது. அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால், இடையில் வால் அசைந்தால் இரண்டு வாலாகிவிடும்.

அணில் ‘கீச் கீச்’ என்று வாலைச் சொடுக்கிக் கத்தினால் அடுத்த நொடி ஓடப்போகிறது என்று அர்த்தம். அதற்கு முன்பே தொடர்ச்சியாக எடுக்கத் தொடங்கிவிட வேண்டும். மலையூர்களில் குரங்கை எடுக்கும்போது கையில் பிளாஸ்டிக் பை இருக்கவே கூடாது. பல்லைக் காட்டினால் அது சிரிப்பு இல்லை, விலகிவிடுங்கள். படத்துக்காகத் தீனி போடுகிறவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை என்றாலும், நீங்கள் போடாதீர்கள்.

பறவை என்று இறங்கினால் மட்டும் செலவு. படம் பதிவாகும் சில்லான சென்சார் சின்னதாக உள்ள (ஏ.பி.எஸ்-சி) கேமராவில் 70-300 மி.மீ. லென்ஸ் போட்டால் 450 மி.மீ. அளவுக்கு நெருக்கம் கிடைக்கும், தொடங்க அது போதும். பழையதாக வாங்கினால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை நூல் தெரிகிறதா என்று பாருங்கள். பறக்கும் பறவைக்கு 1/1600-க்குக் குறையக் கூடாது. வேடந்தாங்கலுக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை காலம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது, தண்ணீர் இல்லையென்றால் பறவையும் இல்லை. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் கரையில் இருந்தபடியே கிடைக்கும். கூட்டுக்குக் கிட்டே போவதும், இலையை ஒதுக்கிவிட்டு எடுப்பதும் வேண்டாம். தாய் எழுந்து போனால் குஞ்சு வெயிலில் காயும், காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். சரணாலயத்துக்குள் படமெடுப்பது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதிக்கு உட்பட்டது. கேமரா கட்டணச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், டிரோன் நினைப்பே வேண்டாம். முதுமலைச் சாலையில் யானை தெரிந்தால் வண்டியை விட்டு இறங்குவது படத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது.

பயணப் படங்களில் பாதி ஜன்னலோரத்தில்தான் பிறக்கின்றன. சென்னையிலிருந்து தெற்கே பகலில் போகும் ரயிலில் காலை வெயில் இடப்பக்கம் இருக்கும், அதனால் காலையில் வலப்பக்க ஜன்னலில் வயலும் ஊரும் நேர் வெளிச்சத்தில் தெரியும். மாலையில் இடப்பக்கம். ஏ.சி. பெட்டியின் கண்ணாடி மங்கல். கைபேசியைக் கண்ணாடிக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் பிடியுங்கள். தொட்டால் அதிர்வு ஏறும், தள்ளினால் உங்கள் சட்டையே பிரதிபலிக்கும். கறுப்புத் துண்டால் சுற்றி மறைத்தால் இன்னும் சுத்தம். 1/1000 வைத்தாலும் தண்டவாளத்தை ஒட்டிய செடி இழுபடத்தான் செய்யும், 30 மீட்டருக்கு அப்பால் இருப்பதை எடுங்கள். கோயிலுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதிலிருந்து பெரிய கோயில்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வெளியே இருக்கும் பூக்கடை, செருப்பு வைக்கும் இடம், தேர்முட்டி இவையே ஒரு வாரத்துக்குத் தாங்கும். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் கையில் பிடித்து எடுக்கலாம், முக்காலி விரித்தால் அனுமதி கேட்பார்கள்.

டீ ஆற்றுவதை எடுக்க ஆசையில்லாதவர் இல்லை. ஆவி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்து வரவேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வெள்ளைச் சுவர் முன்னால் ஆவி காணாமல் போகும். 1/500-ல் டீ துளித்துளியாக உறையும், 1/60-ல் நீண்ட கம்பியாக விழும். பின்னதுதான் எனக்குப் பிடிக்கும். ‘அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டு, ஒரு டீ சொல்லிவிட்டு, அவர் மறுபடி வேலைக்குத் திரும்பும்வரை காத்திருங்கள். கேட்டதும் விறைத்து நிற்கிற படத்தையும் எடுத்து அவருக்கு அனுப்புங்கள், அதன் பிறகு வருவதுதான் உங்களுக்கு. குழந்தை என்றால் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்காமல் பகிரக் கூடாது, பள்ளிச் சீருடையில் பள்ளிப் பெயர் தெரிந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸில் பனி படியும். துடைத்துப் பயனில்லை, மறுபடி படியும். மூடிய பையிலேயே 20, 30 நிமிஷம் இருக்கட்டும். ஈரக் காற்றில் கேமராவைத் தோல் பையில் போட்டு பீரோவுக்குள் வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் சரி. ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம்.

பகிரும்போது அகலம் 1080, உயரம் 1350 பிக்சல், திரைகளுக்குப் பொதுவான எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளி. வேறு நிறவெளியில் அனுப்பினால் செம்மண் சோகையாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் மூலப்படம் அனுப்புவதென்றால் ஆவணமாக அனுப்புங்கள். கூடு, ஆந்தைப் பொந்து, உங்கள் வீட்டு மாடி, இந்த மூன்றுக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுப் பகிர வேண்டும். பெயர் தெரியாத பறவைக்கு ‘ஒரு பறவை’ என்றே எழுதலாம், மடையான் என்னும் பறவையைக் கொக்குக் குஞ்சு என்று எழுதினால் அதைத் திருத்தவே நாலு பேர் வருவார்கள். ரா கோப்பு ஒன்று சுமார் 25 எம்.பி. என்றால் தினம் 5 வைத்தாலும் வருஷத்துக்கு 45 ஜி.பி.தான். 100 வைத்தால் 900-ஐத் தாண்டும். கோப்புப் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், பிறகு ஊர், பொருள் என்று வைத்தால், பின்னால் ‘மழையில் நனைந்த ஆடு’ வரைய வேண்டும் என்கிற நாளில் தேடி எடுக்க முடியும். ஒரு பிரதி கணினியில், இன்னொன்று தனி ஹார்டு டிஸ்கில். அந்த டிஸ்க்கை மாதம் ஒரு தரமாவது செருகித் திறக்கிறதா என்று பாருங்கள்.